ஐந்தாவது பாட்டில் ஒரு கீறல்

ஈரச்சுவர் ரசிகர் மன்றத்தில் அப்போது நான்கு உறுப்பினர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஸ்பீக்கர் பெட்டி.

அவர் பெயர் இசக்கிராஜ். முன்பெல்லாம் மனிதராகத்தான் வந்துகொண்டிருந்தார். டிவிக்கு இடது பக்கம் உட்காருவார். பேசமாட்டார். தாளத்துக்குத் தலையை மட்டும் ஆட்டுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் கறுப்புத் துணி இழுத்துக் கட்டிய மரப்பெட்டியாக உட்கார்ந்திருந்தார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு மட்டும் சொல்லியனுப்பினார்கள். அவருடைய சம்சாரம் வந்து சுற்றிப் பார்த்தாள். தூசி அண்டாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு பாட்டில் பேஸ் கிதாரின் அடித்தொனி தனியாகக் கேட்டது.

ஈரச்சுவர் என்பது தூத்துக்குடியில் இருந்த ஆல்டர்நேட்டிவ் ராக் இசைக்குழு. நான்கு பையன்கள். ஒரே ஒரு கச்சேரி செய்தார்கள். அரங்கம் எதுவும் கிடைக்காததால் கல்யாண மண்டபத்தில் செய்தார்கள். மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் இல்லாமல் மண்டபம் தரமுடியாது என்று மண்டபத்துக்காரர் சொல்லிவிட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆகவே பாடகருக்கும் கிதார்காரருக்கும் மாலை போட்டு, சிவப்பு வெல்வெட் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பாடகர் உட்கார்ந்தபடியே அலறினார்.

படம் பிடித்தவரும் கல்யாண வீடியோக்காரர்தான். அவருக்கு ஒரே ஒரு விதமாகத்தான் எடுக்கத் தெரியும். பாடகர் நரம்பு புடைக்கக் கத்தும்போது அவரைச் சுற்றி ஓர் இதயம் வந்து துடிக்கும். கிதார்காரர் தாமரைப்பூவுக்குள்ளிருந்து எழுந்து வருவார். டிரம்மருக்குப் பின்னால் கொடைக்கானல் ஏரி.

கச்சேரி முடிந்து வெளியே வந்தவர்களுக்குத் தாம்பூலப் பை கொடுத்தார்கள். அதில் ஒரு தேங்காயும், அந்தக் கச்சேரியும் ஆவணப்படமும் அடங்கிய டிவிடியும் இருந்தன. இப்போதுதான் முடிந்த கச்சேரி அதற்குள் எப்படிப் பைக்குள் வந்தது என்று யாரும் கேட்கவில்லை. தேங்காயைத்தான் தட்டிப் பார்த்தார்கள்.

டிவிடித் தட்டை என்ன செய்வது என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. சிலர் இரவில் மின்னட்டும் என்று சைக்கிளுக்குப் பின்னால் கட்டினார்கள். சிலர் காக்காய்க்குப் பயந்து மொட்டைமாடியில் வற்றலுக்கு மேலே தொங்கவிட்டார்கள். ஓடுகிற நிலையில் இருந்தது ஒன்றே ஒன்று. அது கொரேரா வீட்டில் இருந்தது. கொரேராதான் மன்றத் தலைவர்.

அந்தத் தட்டில் ஒரு கீறல் இருந்தது. ஐந்தாவது பாட்டின் பாதியில் தட்டு திக்கி நின்றுவிடும். அதற்கு அப்புறம் என்ன இருக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை. ரிமோட்டை அழுத்தி அடுத்த பாட்டுக்குத் தாண்டலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஒரு பாட்டு முடியாமல் அடுத்ததுக்குத் தாவுகிறவன் ரசிகனே இல்லை என்பது மன்றத்தின் கொள்கை. ஆகவே பல வருடங்களாக ஐந்தாவது பாட்டு நடந்துகொண்டே இருந்தது.

பாட்டு நீள நீள, கொரேரா வீட்டு நடைவழியும் நீண்டது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு டிவி அறைக்குப் போய்ச்சேர்வதற்குள் தாகம் எடுத்தது. அதனால் பாதி வழியில் ஒரு டீக்கடை வந்தது. கடைக்காரர் பெயர் பாக்கியநாதன். அவர்தான் ஈரச்சுவரின் டிரம்மர்.

அவரும் ஒருகாலத்தில் மன்றத்தில் சேர விண்ணப்பித்தவர்தான். செயலாளர் உலகம்மாள் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சுவரு எதுக்கு ஈரமா இருக்கு?"

"பேரு சும்மா வச்சது" என்றார் பாக்கியநாதன்.

சேர்க்கவில்லை. அவர் திரும்பிப் போகையில் நடைவழி முடியவே இல்லை. அலுத்துப்போய் நடுவிலேயே அடுப்பைப் பற்றவைத்துவிட்டார்.

நான்காவது உறுப்பினர் சவேரிமுத்து. நம் ஆள் அவர்தான். அதே கேள்விக்கு அவர் "அழுதிருக்கும்" என்று பதில் சொன்னார். உலகம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "உள்ள வாங்க" என்றார்.

உண்மையில் சவேரிமுத்துவுக்கு ராக் இசையில் எதுவும் தெரியாது. டிரம்ஸ் சத்தம் கேட்டால் அவருக்குத் தலை வலிக்கும். அவர் அந்தக் கீறலுக்காக வந்தவர்.

அன்றைக்கும் ஞாயிறு பூசை முடிந்து வந்தார். பாக்கியநாதன் கடையில் ஒரு டீ குடித்தார். மீதி நடைவழியையும் நடந்து உள்ளே போனார். கொரேராவும் உலகம்மாளும் மூன்றாவது பாட்டில் இருந்தார்கள். வழக்கமான தகராறு.

"அந்த 'ஸ்ஸ்'ங்குத சத்தம் சிம்பல்" என்றார் கொரேரா. "வெங்கலத் தட்ட அப்படியே தொட்டும் தொடாமலும் விட்டிருக்கான். வெளிநாட்டுக்காரன்கூட அப்படி வாசிக்க மாட்டான்."

"அண்ணாச்சி, அது அப்பளம் பொரிக்குத சத்தம்" என்றார் உலகம்மாள். "மண்டபத்து அடுப்படி மேடைக்குப் பின்னாலதான் இருக்கு."

"அப்பளம் தாளத்துல பொரியுமா?"

"நல்ல எண்ணெயா இருந்தா பொரியும்."

உலகம்மாள் டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். வாழ்நாள் முழுக்க, பேசிக்கொண்டிருப்பவர்களை நடுவில் துண்டித்தே பழகியவர். அவரோடு வாதாடி யாரும் ஜெயித்ததில்லை. இசக்கிராஜைக் கேட்கலாம் என்றார் கொரேரா. இசக்கிராஜ் உறுமினார். அது எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

நான்காவது பாட்டு போயிற்று. ஐந்தாவது தொடங்கியது. சவேரிமுத்து நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

வீடியோக்காரரின் லைட் மேடையை விட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பியது. லைட் பட்ட ஜனம் கல்யாண வீட்டில் என்ன செய்யுமோ அதையே செய்தது. மென்றவர்கள் வாயை மூடினார்கள். சாய்ந்தவர்கள் நிமிர்ந்தார்கள். ஒருத்தி பிள்ளைக்கு மூக்கைத் துடைத்துவிட்டாள். லைட் மூன்றாவது வரிசைக்கு வந்தது. பச்சைச் சேலை. பாதி திரும்பிய முகம். அங்கே தட்டு திக்கியது.

"சாப்பிட்டியளா?" என்றாள் மார்சலின்.

"சாப்பிட்டேன்" என்றார் சவேரிமுத்து.

மார்சலின் அவர் மனைவி. ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலில் இறந்துபோனாள். அவளுடைய படம் என்று வீட்டில் ஒன்றுமில்லை. கேமராவைக் கண்டால் கையால் முகத்தை மறைத்துக்கொள்கிற பழக்கம் அவளுக்கு. கல்யாண ஆல்பத்தில் எல்லாப் பக்கத்திலும் மருதாணி வைத்த ஓர் உள்ளங்கை இருக்கும். ரேஷன் கார்டிலும் அதே கை. கை எழுவதற்கு ஒரு நொடி முன்னால் அவள் முகம் இருக்கும் இடம் உலகத்தில் இந்தக் கீறல் ஒன்றுதான்.

"என்ன சாப்பிட்டிய?"

"இட்லி. கடையில வாங்குனேன்."

"கடையில சோடா உப்பு போடுவான். வயிறு ஊதும். சட்டையில என்ன கறை?"

"டீ."

"ஊறவச்சியளா?"

கொரேரா இருமினார்.

"வே சவேரி, தப்பா நெனைக்காதியும்" என்றார். "தங்கச்சி பேசுதது பாட்டுக்குக் குறுக்க வருது. போன வாரம் முழுக்கக் கத்திரிக்கா வெல. இந்த வாரம் இட்லி. நாம இந்தப் பாட்ட எப்பத்தான் கேட்டு முடிக்க?"

உலகம்மாள் கைப்பையைத் திறந்து ஒரு டூத்பேஸ்ட்டை எடுத்து டிவிக்கு முன்னால் வைத்தார். எல்லோரும் அதைப் பார்த்தார்கள். டிவிக்குள்ளிருந்து மார்சலினும் பார்த்தாள்.

"வெள்ளைப் பேஸ்டு" என்றார் உலகம்மாள். "ஜெல்லு ஆவாது. இத வச்சுத் தேச்சா கீறல் போயிரும். எங்க பக்கத்து வீட்டுல ஒரு சாமி படத் தட்டு அப்படித்தான் சரியாச்சு."

சவேரிமுத்து நாற்காலியை டிவிக்கு இன்னும் நெருக்கி இழுத்தார்.

"வேண்டாம்" என்றார்.

"ஏன்?"

"கீறல் போனா அவளும் போயிருவா."

"அவ எங்க போவா? பாட்டுக்குள்ளதான இருப்பா."

சவேரிமுத்து யோசித்தார். அவருக்கு இதைத் தவிர வேறு வழியில்லை. இத்தனை வருடங்கள் இவர்கள் பேசக் கேட்டுப் பொறுக்கிவைத்த சொற்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தார்.

"திக்குதது ஒரு குறைன்னு எதுக்கு நெனைக்கணும்?" என்றார். "சுவருன்னா அங்கங்க விரிசல் இருக்கும். அதுதான் அவன் சொல்ல வந்தது. பாட்ட முடிக்காம விடுததுதான் ஆல்டர்நேட்டிவ். முடிச்சா அது கல்யாணக் கச்சேரி ஆயிரும்."

கொரேரா தாடையைத் தடவினார்.

"இது ஒரு நல்ல பாயிண்டு" என்றார்.

உலகம்மாளும் டூத்பேஸ்ட் மேல் கையை வைத்தபடி யோசித்தார். சவேரிமுத்து பிழைத்துவிட்டார் என்றுதான் நீங்களும் நினைப்பீர்கள்.

"அப்படி இல்ல அண்ணாச்சி" என்றாள் மார்சலின்.

எல்லோரும் டிவியைப் பார்த்தார்கள்.

"அந்த எடத்துல கிதாரு வரும். கச்சேரிக்கு முந்தியே அவங்க ஒரு கேசட்டு போட்டிருந்தாங்க. எங்கிட்ட இருந்துச்சு. இவரு வேலைக்குப் போனப்புறம் சமைச்சுக்கிட்டே கேப்பேன். பாடுதவன் மூச்சு முட்டி நிறுத்துவான். அப்பம் கிதாரு மட்டும் தனியா, யாரோ கதவத் தெறந்துக்கிட்டு வாரமாதிரி வரும். அது வாரதுக்கு முன்னாடிதான் தட்டு நின்னுபோச்சு. எனக்கும் கேக்கணும்போல இருக்கு."

"இத நீ எங்கிட்ட சொன்னதே இல்லியே" என்றார் சவேரிமுத்து.

"நீங்க வந்ததும் நிறுத்திருவேன். ஒங்களுக்குத்தான் தல வலிக்குமே."

கொரேரா கையிலிருந்த ரிமோட்டைக் கீழே வைத்தார். மன்றத்தில் இத்தனை நாள் ஒரு ரசிகை இருந்திருக்கிறாள், அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை என்பது அவருக்குச் சங்கடமாக இருந்தது.

"இன்னொன்னு" என்றாள் மார்சலின். "கழுத்து வலிக்குங்க."

சவேரிமுத்து தன் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"எத்தன நாளா இப்படித் திரும்பினமானிக்கே நிக்கேன்."

"எதுக்கு நீ அப்படி என்னையே பாத்துக்கிட்டு நிக்க?"

"ஒங்களயா? நான் வாசல பாத்தேன். அஞ்சாவது பாட்டு நல்ல பாட்டு, அதுக்காவது உள்ள வாரியளான்னு திரும்புனேன். அதுக்குள்ள லைட்டு மூஞ்சில அடிச்சிட்டு."

கச்சேரியன்று சவேரிமுத்து உள்ளே போகவில்லை. மண்டபத்து வாசலில் டிவிஎஸ் ஐம்பதைப் பிடித்துக்கொண்டு நின்றார். நீ கேட்டுட்டு வா, வண்டிய எவனாவது தள்ளிக்கிட்டுப் போயிருவான் என்று அவளிடம் சொல்லியிருந்தார். அந்த வண்டியை யாரும் தள்ளிக்கொண்டு போகமாட்டார்கள் என்பது இருவருக்கும் தெரியும்.

தேய்ப்பதா வேண்டாமா என்று ஓட்டெடுப்பு நடந்தது. கொரேரா கையைத் தூக்கினார். உலகம்மாள் கையைத் தூக்கினார். இசக்கிராஜ் உறுமினார், இந்தத் தடவை எந்தப் பக்கம் என்பதில் சந்தேகம் இருக்கவில்லை. டிவிக்குள் மார்சலினின் கை கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு பல்லி சுவரில் ஏறுவதுபோல எழுந்து மார்பளவு வந்து நின்றது. அதற்கு மேல் கீறல் விடவில்லை. அதையும் ஓட்டாக எடுத்துக்கொண்டார்கள்.

எதிர்த்தவர்தான் தேய்க்க வேண்டும் என்பது விதி. ஆதரித்தவர்கள் ஆசையில் அழுத்திவிடுவார்கள்.

"பாட்டு முடிஞ்சதும் பந்தி" என்றாள் மார்சலின். "எம் பக்கத்துல ஒங்களுக்கு எல போட்டு வைக்கேன். வந்துருங்க."

கொரேரா தட்டை வெளியே எடுத்தார். டிவி நீலமாயிற்று.

பழைய பனியன் துணி ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார்கள். சவேரிமுத்து தட்டை மடியில் வைத்துக்கொண்டார். கீறல் ஓர் இமைமுடி நீளம்கூட இல்லை. விரல்நுனியால் தடவினால்தான் தெரிந்தது. நிறைய நாள் தொடாத ஒருத்தரின் தழும்பைத் தொடுவதுபோல அதைத் தொட்டுக்கொண்டிருந்தார்.

"நடுவுல இருந்து வெளிய பாத்துத் தேய்க்கணும்" என்றார் உலகம்மாள். "நேரா. வட்டமா சுத்தாதீங்க. கெட்டுரும்."

அவர் நேராகத் தேய்த்தார். அறை முழுக்கக் காலைநேர வாசனை அடித்தது. துடைத்துவிட்டுப் பார்த்தபோது தட்டில் அவர் முகம் மட்டும் தெரிந்தது.

தட்டு உள்ளே போயிற்று. கொரேரா முதல் பாட்டிலிருந்து போட்டார். அதுவும் கொள்கை. ஒன்று, இரண்டு, மூன்று. சிம்பல் அல்லது அப்பளம். நான்கு.

ஐந்தாவது பாட்டில் லைட் திரும்பியது. வாய்கள் மூடின. முதுகுகள் நிமிர்ந்தன. மூக்கு துடைக்கப்பட்டது. பச்சைச் சேலை வந்தது. பச்சைச் சேலை போயிற்று. தாளிக்கும்போது கடுகு வெடிக்கிற நேரம்கூட இல்லை. லைட் நான்காவது வரிசையில் வழுக்கைத் தலைக்காரர் ஒருவரை நிதானமாகக் காட்டியது.

பாடகருக்கு மூச்சு முட்டியது. நிறுத்தினார். கிதார் தனியாக வந்தது.

வந்து முடிந்தது.

"இவ்வளவுதானா?" என்றார் கொரேரா.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் உலகம்மாள்.

"நல்லா இல்லன்னு சொல்லல. நான் நெனச்சது இன்னும் பெருசு."

"நெனச்சத எவன் வாசிக்க முடியும்?"

கொரேரா நாற்காலியில் சாய்ந்தார். இனிமேல் ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வது என்று யோசிப்பவர்போல உத்தரத்தைப் பார்த்தார். இசக்கிராஜுக்கு உள்ளே ஏதோ ஒன்று அறுந்த சத்தம் கேட்டது. சவேரிமுத்து மட்டும் அந்தக் கிதாரை மனதுக்குள் பிடித்துவைக்கப் பார்த்தார். அவருக்குக் காது பழகவில்லை. கதவு திறந்ததா மூடியதா என்றுகூட அவரால் சொல்ல முடியவில்லை.

ஆவணப்படம் தொடங்கியது. அது பந்தி. ஆவணப்படம் என்றால் சாப்பிடுகிறவர்களை வரிசையாகக் காட்டுவது என்று வீடியோக்காரர் புரிந்துகொண்டிருந்தார். கேமரா இலைகளின் மேல் மெல்ல நகர்ந்தது. பாடகர் மாலையோடு ரசம் குடித்தார். மணமக்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்று அவரிடமே கேட்டார்கள். நல்லா இருக்கட்டும் என்றார்.

கடைசி வரிசையில் மார்சலின் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஓர் இலை, தண்ணீர் தெளித்து, ஆளில்லாமல். பரிமாறுகிறவர் பாயச வாளியோடு குனிந்தார்.

"இந்த எலைக்கு?"

"ஊத்துங்க. அவரு வெளிய நிக்காரு. வந்துருவாரு."

கேமரா அருகே போயிற்று. அவள் நிமிர்ந்தாள். கை எழுந்தது. கழுத்து சரியாகிவிட்டது என்பது அந்தக் கையின் வேகத்தில் தெரிந்தது. திரை முழுக்க உள்ளங்கை. ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. கேமரா அடுத்த வரிசைக்குப் போயிற்று.

சவேரிமுத்து எழுந்தார்.

"எங்கவே போறீரு? ஆவணப்படம் ஓடுது" என்றார் கொரேரா.

"எல போட்டிருக்கு" என்றார் சவேரிமுத்து.

பாட்டு முடிந்துவிட்டதால் நடைவழி ஒரே ஒரு எட்டாக இருந்தது. டீக்கடைக்கு அதில் இடமில்லை. கதவைத் திறந்தார். எதிரே கல்யாண மண்டபம். வாழைமரம் கட்டியிருந்தது. சுவரோரம் அவருடைய டிவிஎஸ் ஐம்பது, அவர் விட்ட இடத்திலேயே, அவர் விட்ட சாய்விலேயே நின்றது. யாரும் தள்ளிக்கொண்டு போகவில்லை.

உள்ளேயிருந்து பெரிய இரைச்சல் வந்தது. தலை வலித்தது. அவர் அதைப் பொருட்படுத்தாமல் படியேறினார். கதவு உள்ளிருந்து திறந்தது. கடைக்கு இடமில்லாமல் போன பாக்கியநாதன் எச்சில் இலைக் கூடையோடு வெளியே வந்தார்.

"பாட்டு இன்னும் நடக்குதுல்லா?" என்றார் சவேரிமுத்து.

"அது பாட்டு இல்ல அண்ணாச்சி. அடுத்த கல்யாணத்துக்கு அப்பளம் பொரிக்காவ."

"பந்தி?"

"முடிஞ்சாச்சு. அந்தம்மா ரொம்ப நேரம் இருந்தாவ. பாயசம் ஆறிப்போச்சு. பெறவு பின்வாசல் வழியா போயிட்டாவ."

"எல?"

"அவுக எலைய அவுக மடிச்சாவ. ஒம்ம எலைய நான் மடிச்சேன்."

கூடைக்குள் எல்லா இலைகளும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

பாக்கியநாதன் கூடையை இறக்கிவைத்தார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, தோளில் மாட்டியிருந்த மஞ்சள் தாம்பூலப் பையை எடுத்து நீட்டினார். பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குப் பின்பக்கம் போனார்.

சவேரிமுத்து வண்டியின் மேல் உட்கார்ந்து பையைத் திறந்தார். தேங்காயைத் தட்டிப் பார்த்தார். நல்ல தேங்காய். அதன் அடியில் தட்டு இருந்தது. புதுத் தட்டு. வெயிலில் அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை.

அவர் வண்டியின் சாவியை உருவினார். அதன் நுனியைத் தட்டின் மேல் வைத்தார். பச்சைச் சேலை வரும் இடத்தில் ஒரே ஒரு கீறல் போதும்.

தட்டு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மின்னியது. ஐந்தாவது பாட்டு அதில் எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. மார்சலினுக்குத் தெரியும்.